படிப்பது பொது, ஓட்டுவது தனி: ஆர்ம் பிராசசரில் இரண்டு ப்ரோப்கள்

(கணினியியல் மாணவர்களும் பொறியாளர்களும் கூடிய அவையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



லினக்ஸ் கெர்னலின் மூலநிரலில் 32 பிட் ஆர்ம் பிராசசருக்கான பகுதியைத் திறந்தால், ‘ப்ரோப்ஸ்’ என்ற பெயரில் ஓர் அடைவு இருக்கும். அதில் கட்டளைகளைப் படித்துப் பிரிக்கும் கோப்புகள் சில. கூடவே ‘கேப்ரோப்ஸ்’, ‘யூப்ரோப்ஸ்’ என்று இரண்டு உள்ளடைவுகள். இன்றைய பேச்சு பெரும்பாலும் இந்த அடைவைச் சுற்றித்தான். இரண்டு கருவிகள் ஒரே வேலையைச் செய்வதுபோலத் தோன்றும்போது அவற்றின் நிரலில் எதைப் பொதுவாக்குவது, எதைத் தனியாக விடுவது? இந்தக் கேள்விக்கு அந்த அடைவு நல்ல விடை ஒன்றை வைத்திருக்கிறது. அதே குடும்பத்தின் 64 பிட் பிராசசரில் அந்த விடை ஓரிடத்தில் தவறிப்போய், அது வெளிச்சத்துக்கு வர ஏறத்தாழ 8 ஆண்டுகள் ஆயின. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்க விரும்புகிறேன்.

முதலில் ப்ரோப் என்ன செய்கிறது என்று பார்ப்போம். ஆயிரக்கணக்கானவர்கள் பயன்படுத்திக்கொண்டிருக்கும் ஒரு சர்வரில், எப்போதாவது ஒருமுறை ஏதோ தாமதமாகிறது. கெர்னலில் எந்த ஃபங்ஷனில் சிக்கல் என்று ஓர் ஊகம் இருக்கிறது. அந்த இடத்தில் ஒரு வரி அச்சிடும் நிரலைச் சேர்த்து, மறுபடி கம்பைல் செய்து, இயந்திரத்தை நிறுத்தி ஏற்றினால், ஆராய வந்த நிலைமையே கலைந்துவிடும். ஓடுவது ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், குறிப்பிட்ட கட்டளையை அது தொடும்போது மட்டும் நமக்குத் தகவல் வர வேண்டும். இதற்குத்தான் ப்ரோப். கெர்னலுக்குள் வைப்பது கேப்ரோப். பயனர் நிரல்களுக்குள், அதாவது ஒரு டேட்டாபேஸ் சர்வரிலோ சி நூலகத்திலோ வைப்பது யூப்ரோப். இன்று நீங்கள் பெர்ஃப், பிபிஎஃப்டிரேஸ் போன்ற கருவிகளைப் பயன்படுத்தும்போது அடியில் பல வேளைகளில் வேலை செய்பவை இந்த இரண்டும்தான்.

வைக்கும் முறை எளிது. குறிவைத்த இடத்தில் உள்ள கட்டளையை எடுத்து ஒரு பிரதி வைத்துக்கொண்டு, அங்கே பிரேக்பாயிண்ட் கட்டளையை எழுதிவிட வேண்டும். பிராசசர் அங்கே வந்ததும் விதிவிலக்கு எழும், கெர்னல் கையில் கட்டுப்பாடு வரும், நம் ஃபங்ஷன் ஓடும். இதுவரை எந்தச் சிக்கலும் இல்லை.

சிக்கல் அதற்குப் பிறகுதான். நாம் அகற்றிய கட்டளை இன்னும் ஓடவில்லை. அதை ஓட்டாமல் நிரல் மேலே செல்ல முடியாது. பழைய இடத்திலேயே திருப்பி வைத்து ஓட்டிவிட்டு மறுபடி பிரேக்பாயிண்டைப் போடலாமே என்று தோன்றும். பல கோர்கள் இருக்கும் இயந்திரத்தில் அது சரிவராது. நாம் திருப்பி வைத்த அந்தக் கணத்தில் இன்னொரு கோர் அதே வழியாகக் கடந்துபோனால் ப்ரோப் அதைத் தவறவிடும். ஆகவே பிரதியை வேறோர் இடத்தில் வைத்து ஓட்ட வேண்டும். ஆனால் தான் எந்த முகவரியில் இருக்கிறோம் என்பதைச் சார்ந்து நடக்கும் கட்டளைகள் உண்டு. ‘என்னிலிருந்து 16 பைட் தள்ளியிருப்பதை எடு’ என்ற கட்டளையை வேறிடத்தில் வைத்து ஓட்டினால், எடுப்பது வேறெதையோ.

ஆகவே ப்ரோப் எழுதுபவருக்கு முன் எப்போதும் இரண்டு வேலைகள் நிற்கின்றன. ஒன்று, இந்தக் கட்டளை என்ன வகை, எந்தெந்த ரெஜிஸ்டரைத் தொடுகிறது, தன் முகவரியைச் சார்ந்ததா, இதில் ப்ரோப் வைக்கலாமா கூடாதா என்று படித்தறிவது. இரண்டு, படித்தறிந்தபின் அதை எப்படியாவது ஓட்டி முடிப்பது. இந்த இரண்டையும் மனத்தில் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். இன்று நான் சொல்லப்போவது எல்லாமே அந்தப் பிரிவின் மேல்தான் நிற்கிறது.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேப்ரோப்ஸ் 2004இல், 2.6.9 பதிப்பில், லினக்ஸுக்குள் வந்தது. அதன் வேர் ஐபிஎம் நிறுவனத்தின் டிப்ரோப்ஸ் என்ற திட்டம். கேப்ரோப்ஸ் கோப்பின் தலைப்பகுதியை இன்றும் திறந்து பார்க்கலாம். 2002இல் வம்சி கிருஷ்ணா தொடங்கியது, 2004இல் பிரசன்னா பஞ்சமுகியும் சுபர்ணா பட்டாச்சார்யாவும் வளர்த்தது என்று எழுதியிருக்கும். ஐபிஎம்மின் பெங்களூரு லினக்ஸ் குழுவில் உருவான பணி இது. பயனர் நிரல்களுக்கான யூப்ரோப்ஸையும் அதே நிறுவனத்தின் ஸ்ரீகர் துரோணம்ராஜுவும் ஜிம் கெனிஸ்டனும் பல ஆண்டுகள் திருத்தித் திருத்தி எழுதி, 2012இல் 3.5 பதிப்பில் சேர்த்தார்கள். உலகெங்கும் இயந்திரங்களில் ஓடும் இந்த நுட்பத்தின் முதல் வரிகள் நமக்கு ஓர் இரவுப் பயணத் தொலைவில் எழுதப்பட்டவை என்பதை மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறேன்.

இனி ஆர்ம்.

இன்டெல் வகைப் பிராசசரில் ‘ஒரே ஒரு கட்டளையை ஓட்டிவிட்டு நின்றுவிடு’ என்று சொல்ல ஒரு பிட் உண்டு. 32 பிட் ஆர்மில் கெர்னல் அப்படி எடுத்தாளும் வசதி இல்லை. அதனால் 2008இல் ஆர்முக்குக் கேப்ரோப்ஸ் வந்தபோதே, கட்டளைத் தொகுதி முழுவதையும் படித்து, ஒவ்வொரு வகைக்கும் ஓட்டும் வழியைத் தனியாக எழுதவேண்டியிருந்தது. 2011இல் ஜான் மெட்ஹர்ஸ்ட், தம்ப் எனப்படும் ஆர்மின் சுருக்க வடிவக் கட்டளைத் தொகுதிக்கும் அதை விரித்தபோது, நீண்ட நிபந்தனைச் சங்கிலிகளாக இருந்த நிரல் அட்டவணைகளாக மாறியது. அட்டவணையின் ஒவ்வொரு வரியிலும் ஒரு முகமூடி எண், ஒரு மதிப்பு. கட்டளையின் 32 பிட்களை முகமூடியோடு சேர்த்துப் பார்த்து மதிப்போடு பொருந்தினால் இந்த வகை என்று பொருள். கூடவே, இந்தக் கட்டத்தில் பிசி (புரோகிராம் கவுண்டர்) ரெஜிஸ்டர் வரக்கூடாது, இதில் ஸ்டாக் சுட்டி வரக்கூடாது என்ற கட்டுப்பாடுகளும் அதே வரியில் இருக்கும்.

இந்த அட்டவணையை எழுதுவது எத்தனை நுணுக்கமான வேலை என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஆர்மில் பிசி என்பது 15ஆம் எண் ரெஜிஸ்டர். பல கட்டளைகள் அதை வழக்கமான ரெஜிஸ்டர்போலப் படிக்கலாம். ஆனால் படித்தால் கிடைப்பது அந்தக் கட்டளையின் முகவரி அன்று, அதற்கு 8 பைட் அப்பால். 1985இல் கேம்பிரிட்ஜின் ஏகார்ன் நிறுவனத்தில் சோஃபி வில்சனும் ஸ்டீவ் ஃபர்பரும் வடிவமைத்த முதல் ஆர்ம் சில்லில் மூன்று கட்ட பைப்லைன் இருந்தது. ஒரு கட்டளை ஓடும்போது அடுத்தது பிரிக்கப்படும், அதற்கடுத்தது எடுக்கப்படும். எடுக்கும் இடத்தைத்தான் பிசி காட்டியது. பைப்லைன் எத்தனையோ முறை மாறிவிட்டது. ஆனால் பழைய நிரல்கள் ஓட வேண்டுமே, அதனால் 8 பைட் என்ற கணக்கு மட்டும் அப்படியே நின்றுவிட்டது. இதைவிடச் சுவையானது, பிசியின் மதிப்பை நினைவகத்தில் சேமிக்கும் கட்டளை. அது 8 பைட் அப்பால் உள்ள முகவரியைச் சேமிக்குமா 12 பைட்டா என்பது பழைய கோர்களில் கோருக்குக் கோர் மாறும். ஆகவே இந்த நிரல் தொடங்கும்போது அந்தக் கட்டளையை ஒருமுறை உண்மையிலேயே ஓட்டிப் பார்த்து, விடையைக் குறித்து வைத்துக்கொள்கிறது. கையேட்டை நம்பாமல் வன்பொருளையே கேட்டுத் தெரிந்துகொள்ளும் இந்தச் சிறு ஃபங்ஷன் எனக்கு மிகவும் பிடித்தது.

இன்னொன்று நிபந்தனை. ஆர்மின் பெரும்பாலான கட்டளைகளில் மேல் 4 பிட் ஒரு நிபந்தனையைச் சொல்கிறது. முன்பு ஒப்பிட்டது சமமாக இருந்தால் மட்டும் ஓடு, பெரிதாக இருந்தால் மட்டும் ஓடு என்பதுபோல. அங்கே பிரேக்பாயிண்டை வைக்கும்போது மூலக் கட்டளையின் அந்த 4 பிட்டைப் பிரேக்பாயிண்டின் தலையிலும் ஒட்டிவிடுகிறார்கள். நிபந்தனை பொய்யாக இருந்தால் பிராசசர் பிரேக்பாயிண்டையே கடந்துபோய்விடலாம், அப்போது வீணாக விதிவிலக்கு எழாது. கேப்ரோப், யூப்ரோப் இரண்டிலும் இதே உத்திதான். இரண்டும் பயன்படுத்தும் பிரேக்பாயிண்ட் எண்களும் கடைசி இலக்கத்தில் மட்டும்தான் வேறுபடும். ஒன்றுக்கு 8, மற்றதற்கு 9.

இப்போது நடுப்பகுதிக்கு வருகிறோம். யூப்ரோப்ஸை ஆர்முக்குக் கொண்டுவரும் வேலையை ரபின் வின்சென்ட் தொடங்கினார், டேவிட் லாங் முடித்தார். 2014இல், 3.15 பதிப்பில், அது சேர்ந்தது. அவர்கள் முன் இரண்டு எளிய வழிகள் இருந்தன. கேப்ரோப்ஸ் கோப்புகளைப் பிரதியெடுத்துப் பெயர் மாற்றித் திருத்திக்கொள்வது ஒரு வழி. அப்படிச் செய்திருந்தால், இத்தனை நுணுக்கமான அட்டவணை இரண்டு பிரதிகளாக வாழும், ஒன்றில் திருத்திய பிழை மற்றொன்றில் அப்படியே கிடக்கும். இன்னொரு வழி, கேப்ரோப்ஸ் ஃபங்ஷன்களை அப்படியே யூப்ரோப்ஸிலிருந்து அழைத்துக்கொள்வது. அது இதைவிட ஆபத்து. ஏன் என்று பின்னால் பார்ப்போம்.

அவர்கள் எடுத்தது மூன்றாவது வழி. அட்டவணையின் ஒவ்வொரு வரியிலும் கடைசியாக இருந்தது ஒரு ஃபங்ஷனின் முகவரி. ‘இது பெருக்கல் கட்டளை, ஆகவே இந்த ஃபங்ஷனால் ஓட்டு’ என்று படிப்பதும் ஓட்டுவதும் ஒரே வரியில் கட்டப்பட்டிருந்தன. டேவிட் லாங் அந்த முகவரியை எடுத்துவிட்டு அங்கே ஓர் எண்ணை வைத்தார். பெருக்கலுக்கு ஓர் எண், கிளைத்தாவலுக்கு ஓர் எண், பல ரெஜிஸ்டர்களை ஒருசேர ஏற்றும் கட்டளைக்கு ஓர் எண். அந்த எண்ணுக்கு எந்தச் செயல் என்பதைச் சொல்லும் பட்டியலை அட்டவணையைப் பயன்படுத்துபவரே கொண்டுவர வேண்டும். கேப்ரோப்ஸ் தன் பட்டியலைக் கொண்டுவரும், யூப்ரோப்ஸ் தன் பட்டியலைக் கொண்டுவரும். கூடவே, கேப்ரோப்பின் தரவு அமைப்பைக் கேட்டுக்கொண்டிருந்த ஃபங்ஷன்கள் கட்டளை, அதன் பகுப்பாய்வு, ரெஜிஸ்டர் தொகுப்பு என்ற மூன்றை மட்டும் கேட்கும்படி மாறின. பெயர்களிலிருந்தும் ‘கே’ கழன்றது. வெறும் பெயர்மாற்றங்களாகத் தெரியும் பல பேட்ச்கள் அந்தத் தொகுப்பில் வரிசையாக இருக்கின்றன. படிக்கும்போது சலிப்பு தட்டும். ஆனால் ஒவ்வொன்றும் ஒரே ஒரு பிணைப்பை அவிழ்க்கிறது, ஒவ்வொன்றுக்குப் பிறகும் கெர்னல் முழுமையாக ஓடுகிறது. பேட்ச் தொகுப்பு எழுதக் கற்றுக்கொள்பவர்களுக்கு இதைவிட நல்ல பாடத்தைக் காட்ட எனக்குத் தெரியாது.

அந்தத் துணிச்சலுக்குப் பின்னால் இன்னொன்றும் இருந்தது. 2011இலேயே ஜான் மெட்ஹர்ஸ்ட் ஒரு பெரிய சோதனைத் தொகுப்பை எழுதி வைத்திருந்தார். ஒவ்வொரு வகைக் கட்டளையையும் ப்ரோப்புடனும் ப்ரோப் இல்லாமலும் ஓட்டி, ரெஜிஸ்டர்களும் ஸ்டாக்கும் ஒன்றாக இருக்கின்றனவா என்று ஒப்பிடும். அட்டவணையின் எந்த வரியையாவது எந்தச் சோதனையும் தொடவில்லை என்றால் அதையும் சொல்லிவிடும். அது இல்லாதிருந்தால் அட்டவணையின் கடைசிக் கட்டத்தை இப்படி மாற்ற யாருக்கும் கை வந்திருக்காது என்பது என் எண்ணம்.

இரண்டு பட்டியல்களும் ஏன் வேறாக இருக்க வேண்டும்? ஒரு கட்டளையை எடுத்துக்கொள்வோம். ‘பிசியிலிருந்து 16 பைட் தள்ளியிருக்கும் மதிப்பை 3ஆம் ரெஜிஸ்டரில் ஏற்று.’ கம்பைலர்கள் மாறிலிகளை எடுக்க அடிக்கடி எழுதும் கட்டளை இது.

கேப்ரோப் இதை எப்படி ஓட்டுகிறது? பிரதியில் உள்ள ரெஜிஸ்டர் எண்களை மாற்றி எழுதுகிறது. பிசி இருந்த கட்டத்தில் 2ஆம் ரெஜிஸ்டர், விடை வரும் கட்டத்தில் 0ஆம் ரெஜிஸ்டர். பிரதிக்குப் பின்னால் ‘திரும்பிப் போ’ என்ற கட்டளை. பிறகு 2ஆம் ரெஜிஸ்டரில் மூல முகவரியோடு 8ஐக் கூட்டிப் போட்டு, அந்தப் பிரதியை ஒரு சாதாரண ஃபங்ஷன்போல அழைக்கிறது. திரும்பியதும் 0ஆம் ரெஜிஸ்டரின் மதிப்பை எடுத்து, ப்ரோப் நின்ற நிரலின் 3ஆம் ரெஜிஸ்டருக்கு உரிய இடத்தில் எழுதிவிடுகிறது. எல்லாமே கெர்னலுக்குள், கெர்னலின் உரிமையோடு நடக்கிறது. கெர்னல் கட்டளைதானே, அதில் தவறில்லை.

யூப்ரோப் அப்படிச் செய்வதில்லை. பயனர் நிரலின் முகவரிப் பரப்பிலேயே ஒரு பக்கத்தை ஒதுக்கி, பிரதியை அங்கே வைக்கிறது. அதன் பின்னால் இன்னொரு பிரேக்பாயிண்ட். கட்டளையில் பிசி வந்தால், அந்தக் கட்டளை தொடாத ஏதாவதொரு ரெஜிஸ்டரைத் தேடி, அதன் மதிப்பை ஓரமாகச் சேமித்துவிட்டு, அதில் மூல முகவரியோடு 8ஐக் கூட்டிப் போடுகிறது, பிரதியிலும் பிசிக்குப் பதில் அதையே எழுதுகிறது. பிறகு பயனர் நிலைக்குத் திரும்பி அந்த ஒரே கட்டளையை ஓடவிடுகிறது. அடுத்த பிரேக்பாயிண்ட் பிடித்ததும் கடன் வாங்கிய ரெஜிஸ்டரைப் பழைய மதிப்புக்கு மாற்றிவிடுகிறது. நினைவகத்தைத் தொடும் அந்தக் கணத்தில் பிராசசர் பயனர் உரிமையில்தான் இருக்கிறது. அந்தப் பக்கம் நினைவகத்தில் இல்லையென்றால் வழக்கமான பேஜ் ஃபால்ட் வரும். தொடக்கூடாத முகவரி என்றால் அந்தப் பயனர் நிரல்தான் வழக்கம்போல் விழும். கெர்னலுக்கு ஒன்றும் ஆகாது.

சமையல் குறிப்பு ஒன்றுதான், ஆனால் சொந்த அடுக்களையில் சமைப்பதும் அடுத்த வீட்டு அடுக்களையில் சமைப்பதும் ஒன்றாகுமா? குறிப்பைப் படிக்கத் தெரிந்த ஒருவரே இரு இடத்துக்கும் போதும். எந்தப் பரணில் கைவைக்கலாம் என்பது மட்டும் வீட்டுக்கு வீடு வேறு.

யூப்ரோப்ஸின் பட்டியலில் பொதுநிரலிலிருந்து நேரடியாக எடுத்துக்கொண்ட ஓட்டும் ஃபங்ஷன்களும் சில உண்டு. கிளைத்தாவல்கள், நிலைப்பதிவைப் படிக்கும் கட்டளை போன்றவற்றுக்கானவை. அவை சி மொழியிலேயே கட்டளையின் வேலையைச் செய்து முடிப்பவை. அவற்றை நான் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். அத்தனையும் சேமித்து வைத்த ரெஜிஸ்டர் தொகுப்பை மட்டும் தொடுகின்றன, நினைவகத்தின் பக்கமே போவதில்லை. பொது இடத்தில் வைக்கத் தகுதியானது எது என்பதற்கு நான் தேடிக்கொண்டிருந்த எல்லைக்கோடு அங்கே தெரிந்தது.

கேப்ரோப்ஸுக்கே உரிய கவலைகளும் உண்டு. ப்ரோப் நின்ற நிரலும் ப்ரோப்பைக் கையாளும் நிரலும் ஒரே கெர்னல் ஸ்டாக்கைப் பயன்படுத்துகின்றன. அகற்றிய கட்டளை 16 ரெஜிஸ்டர்களை ஸ்டாக்கில் தள்ளும் கட்டளையாக இருந்தால், ஓட்டிக்காட்டும்போது 64 பைட் கீழே எழுதும். அங்கேதான் விதிவிலக்கின் போது சேமித்த ரெஜிஸ்டர்கள் இருந்தால் அவை அழியும். அதனால் விதிவிலக்கு நுழைவாயிலிலேயே 64 பைட்டைக் காலியாக விடுகிறார்கள். 2015இல் வாங் நான் கேப்ரோப்ஸை வேகப்படுத்தும் நுட்பத்தை ஆர்முக்குக் கொண்டுவந்தபோது, ஒரு கட்டளை ஸ்டாக்கில் எவ்வளவு எழுதும் என்று கணக்கிடும் சரிபார்ப்புகளைச் சேர்த்தார். அவற்றையும் பொது அட்டவணைக்குள் திணிக்காமல், வேண்டுபவர் மட்டும் கொண்டுவரும் தனிப் பட்டியலாகவே வைத்தார். இன்றைய அடைவு அமைப்பும் அந்தத் தொகுப்பில் உருவானதுதான். 2014இல் விட்ட தையல் சரியான இடத்தில் இருந்ததால்தான் அடுத்து வந்தவருக்கு அது எளிதாயிற்று.

இனி 64 பிட் ஆர்ம். புதிதாக வடிவமைத்த கட்டளைத் தொகுதி அது. பிசி இனி வழக்கமான ரெஜிஸ்டர் இல்லை. பெரும்பாலான கட்டளைகளில் நிபந்தனைப் பிட்களும் இல்லை. பிரேக்பாயிண்ட் கட்டளையிலேயே 16 பிட் எண் ஒன்றை எழுதலாம், கேப்ரோப்புக்கு 4, யூப்ரோப்புக்கு 5 என்று. ஒற்றைக் கட்டளை ஓட்டும் வசதியும் வன்பொருளில் உண்டு. ஆகவே ஓட்டிக்காட்ட வேண்டிய கட்டளைகள் சொற்பம். கிளைத்தாவல்கள், பிசியைச் சார்ந்து முகவரி கணக்கிடுபவை, பிசியைச் சார்ந்து மதிப்பை ஏற்றுபவை, அவ்வளவுதான். கேப்ரோப்ஸ் 2016இல் 4.8 பதிப்பில் வந்தது. சில மாதங்களில், 2017 தொடக்கத்தில் வெளியான 4.10 பதிப்பில், யூப்ரோப்ஸ் வந்தது. நிரல் சின்னதாக இருந்ததால் 32 பிட்டில் இருந்த எண்ணும் பட்டியலும் தேவைப்படவில்லை. கட்டளையைப் படிக்கும் ஃபங்ஷனே அதை ஓட்டும் ஃபங்ஷனின் முகவரியையும் எழுதிக்கொடுத்தது. யூப்ரோப்ஸ் அதை வாங்கி அழைத்தது.

அங்கேதான் தவறியது. கிளைத்தாவல்கள் ரெஜிஸ்டர்களை மட்டும் தொடுபவை, அவற்றில் சிக்கலில்லை. மதிப்பை ஏற்றும் கட்டளைக்கான ஃபங்ஷனோ, கேப்ரோப்புக்காக எழுதப்பட்டது. முகவரியைக் கணக்கிட்டு, அங்கே இருப்பதை ஒரு சாதாரண சி மொழிச் சுட்டியால் படித்துவிடும். கெர்னல் முகவரிக்கு அது போதும். யூப்ரோப் வழியாக வந்தால் அது பயனர் நினைவகம். கெர்னல் பயனர் நினைவகத்தைத் தொட வேண்டுமென்றால் அதற்கென்றே எழுதப்பட்ட வழிகளால்தான் தொட வேண்டும். வெறும் சுட்டியால் தொட்டால் என்ன ஆகும்? அந்தப் பக்கம் நினைவகத்தில் இல்லையென்றால், இது கெர்னலின் சொந்தப் பிழை என்று கெர்னல் முடிவுகட்டிவிடும். அந்த இழை கொல்லப்படும், இயந்திரமே முடங்கலாம். புதிய பிராசசர்களில் பயனர் நினைவகத்தைக் கெர்னல் தவறித் தொடுவதைத் தடுக்கும் பூட்டு ஒன்று உண்டு. அது இருந்தால் இந்த ஃபங்ஷன் எப்போதுமே விழும்.

மூன்றாவது விளைவு இன்னும் கவலைக்குரியது. இந்தக் கட்டளை முன்னும் பின்னும் 1 எம்.பி. தொலைவு வரை எட்டும். பயனர் முகவரிகள் பூஜ்யத்திலிருந்து தொடங்குகின்றன, கெர்னல் முகவரிகள் 64 பிட் பரப்பின் உச்சியில் இருக்கின்றன. முதல் 1 எம்.பி.க்குள் இருக்கும் ஒரு பயனர் கட்டளை பின்னோக்கி எட்டினால், கணக்கு பூஜ்யத்தைத் தாண்டிச் சுற்றிக்கொண்டு கெர்னல் பரப்பின் கடைசி 1 எம்.பி.யில் போய் விழும். பயனர் நிலையில் ஓடியிருந்தால் வன்பொருள் தடுத்திருக்கும். கெர்னல் உரிமையில் ஓட்டிக்காட்டுவதால் தடுக்க யாரும் இல்லை.

2024 அக்டோபரில் ஆர்ம் நிறுவனத்தின் மார்க் ரட்லண்ட் இதைக் கண்டெழுதித் திருத்தினார். மதிப்பை ஏற்றும் கட்டளைகளைப் பொதுவான படிப்பு ஃபங்ஷனிலிருந்து எடுத்து, கேப்ரோப்ஸ் மட்டும் போகும் பாதைக்கு மாற்றினார். யூப்ரோப்பை அந்தக் கட்டளையில் வைக்க முயன்றால் இனி மறுப்பு வரும். அதே தொகுப்பில் இன்னொரு திருத்தமும் இருந்தது. 64 பிட் ஆர்மில் கட்டளைகள் நினைவகத்தில் எப்போதும் சிறுமுனை வரிசையில்தான் இருக்கும், கெர்னல் பெருமுனையாக இருந்தாலும் சரி. கேப்ரோப்ஸ் அந்த மாற்றத்தைச் செய்துவிட்டுப் பொதுநிரலிடம் கொடுத்தது, யூப்ரோப்ஸ் செய்யாமல் கொடுத்தது. பொதுநிரல் தன் வாசலில் என்ன எதிர்பார்க்கிறது என்று எங்கும் எழுதி வைக்கப்படவில்லை.

இதை எழுதியவர்களைக் குறைசொல்வதற்காக இதை எடுத்துவரவில்லை. அவர்கள் கொண்டுவந்தது இன்றும் கோடிக்கணக்கான கருவிகளில் இருக்கும் நிரல். நான் வலியுறுத்துவது நிரலின் வடிவத்தை. 32 பிட்டில் யூப்ரோப்ஸை எழுதியவர் ஒவ்வொரு எண்ணுக்கும் எதிரே ‘இங்கே நான் என்ன செய்யப்போகிறேன்’ என்று தானே ஒரு பெயரை எழுதியாக வேண்டும். அந்த வடிவமே அவரைக் கேள்வி கேட்டது. 64 பிட்டில் விடை ஏற்கெனவே நிரப்பப்பட்டு வந்தது. கேள்வி எழ இடமே இல்லை. நிரல் சிறியது, பட்டியல் தேவையில்லை என்று முடிவெடுக்கும்போது கூடவே போய்விடுவது இந்தக் கேள்விதான்.

மற்ற பிராசசர்களிலும் இதைச் சரிபார்க்கலாம். இன்டெல் வகைக்கு 2009இல் மசாமி ஹிராமட்சு எழுதிய கட்டளைப் படிப்பான் வெறும் படிப்பான் மட்டுமே. எதையும் ஓட்டாது. கட்டளையின் நீளம், பகுதிகள், முகவரி முறை இவற்றைச் சொல்லிவிட்டு நின்றுவிடும். அதனால் கேப்ரோப்ஸும் யூப்ரோப்ஸும் அதைப் பகிர்ந்துகொண்டன, பிறகு பெர்ஃபும் ஆப்ஜ்டூலும் கூட எடுத்துக்கொண்டன. யூப்ரோப்ஸ் அங்கே ஸ்டாக்கில் எதையாவது எழுதிக்காட்ட நேர்ந்தால் பயனர் நினைவகத்துக்கான முறையான வழியால்தான் எழுதுகிறது. ரிஸ்க்-ஃபைவ் 2021இல் 64 பிட் ஆர்மின் அமைப்பையே பின்பற்றியது. ஓட்டும் ஃபங்ஷன்களும் பொதுவானவையே. ஆனால் அந்தப் பிராசசரில் பிசியைச் சார்ந்து நேரடியாக மதிப்பை ஏற்றும் கட்டளையே கிடையாது, முகவரியைக் கணக்கிடுவது ஒரு கட்டளை, ஏற்றுவது இன்னொரு கட்டளை. ஆகவே அன்று ஓட்டிக்காட்டவேண்டியிருந்தவை எல்லாம் ரெஜிஸ்டரை மட்டும் தொடுபவை. அதே நிரல் வடிவம் அங்கே தீங்கில்லாமல் நின்றது கட்டளைத் தொகுதியின் புண்ணியத்தால்.

சில இடங்களில் படிப்பதுகூட முழுவதும் பொதுவாகாது. ஒரு நினைவக இடத்தைப் பிரத்தியேகமாக ஏற்றி, மாற்றி, சேமிக்கும் கட்டளை இணைகள் உண்டு. நடுவில் விதிவிலக்கு எழுந்தால் பிரத்தியேக உரிமை போய்விடும், சேமிப்பு தோற்கும், நிரல் மறுபடி முதலிலிருந்து முயலும், மறுபடி ப்ரோப்பில் மாட்டும், முடிவே இராது. இதைத் தவிர்க்க 64 பிட் கேப்ரோப்ஸ், ப்ரோப் வைக்கும் இடத்துக்கு முன்னால் 32 கட்டளைகள் வரை பின்னோக்கிப் பார்த்து, அப்படியோர் இணையின் நடுவே நிற்கிறோமா என்று சோதிக்கிறது. யூப்ரோப்ஸ் பாதையில் இந்தப் பின்னோக்கிய பார்வை இல்லை. இதைப் பொதுவாக்குவதா வேண்டாமா என்பதில் எனக்கே இன்னும் உறுதியான முடிவு இல்லை. கெர்னல் அப்படிச் சுழன்றால் இயந்திரம் போகும், பயனர் நிரல் சுழன்றால் அந்த நிரல் மட்டும் போகும். விலை வேறு என்பதால் இப்போதைக்கு வேறாக இருப்பதே பொருந்தும் என்று நினைக்கிறேன்.

32 பிட் ஆர்மில் இன்னும் முடியாத ஒரு வேலையைச் சொல்லி நிறுத்துகிறேன். யூப்ரோப்ஸ் அங்கே தம்ப் கட்டளைகளை ஏற்பதில்லை. முகவரி 4ஆல் வகுபடாவிட்டால் உடனே மறுத்துவிடும், வகுபட்டாலும் அங்கே இருப்பதைத் தம்ப் என்று படிக்காது. ஆனால் டெபியனின் 32 பிட் ஆர்ம் பதிப்பில் பயனர் நிரல்கள் வழக்கமாகத் தம்ப்-2இல்தான் கம்பைல் ஆகின்றன. அதாவது யூப்ரோப் மிகவும் தேவைப்படும் இடத்தில் அது கிட்டத்தட்ட பயனற்றுப்போகிறது. தம்ப் கட்டளைகளைப் படிக்கும் அட்டவணை 2014 முதலே பொது இடத்தில் தயாராக இருக்கிறது, கேப்ரோப்ஸ் அதைத் தினமும் பயன்படுத்துகிறது. இல்லாதது யூப்ரோப்ஸின் பக்கத்துச் செயல் பட்டியல். அதோடு, 2 பைட் கட்டளையும் 4 பைட் கட்டளையும் கலந்து வரும் இடத்தில் பிரேக்பாயிண்டை எந்த அளவில் எழுதுவது என்ற கேள்வியும் உண்டு. யூப்ரோப்ஸின் மையநிரல் ஒரே அளவைத்தான் எதிர்பார்க்கிறது. அடுத்து வரும் நான்கு கட்டளைகள் வரை நிபந்தனை விதிக்கும் தம்ப்-2 கட்டளையின் தொகுதிக்குள் பிரதியை எப்படி ஓட்டுவது என்பதும் நிற்கிறது. அந்தக் கடைசிக் கேள்விக்குக் கேப்ரோப்ஸ் தம்ப் கோப்பில் ஒரு விடை இருக்கிறது. அது கெர்னலுக்குள் ஓட்டும் விடை. பயனர் நிலையில் அதற்கு ஈடாக என்ன எழுதுவது என்று யோசித்தவர்கள் இந்த அவையில் இருந்தால், கேள்வி நேரத்தில் அந்தக் கோப்பைத் திரையில் திறந்து வைத்துக்கொண்டே பேசலாம்.